சுமை குறைக, ஆயத்தம் பெருகுக!

(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் முன்னோர் கடல் கடந்ததுண்டு. தோட்டக் கூலிகளாய், கையில் ஒரு மூட்டையோடு சென்றார்கள். இன்று மயிலையிலும் அடையாற்றிலும் உள்ள நம் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் கற்பதற்காகக் கடல் கடக்கின்றனர். இம்மாற்றத்தைக் கண்டு மகிழும் நாம், அவர்கள் எவ்வாறு புறப்படுகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தந்தை கட்டடத் தொழிலாளி. மகன் நாலு பேர் முன் குறைவாகத் தோன்றலாகாது என்று, வட்டிக்குக் கடன் வாங்கி, இரங்கநாதன் தெருவில் பெரிய பெட்டிகள் இரண்டும் கோட்டும் காலணியும் வாங்கினார். அதனை வீண் பகட்டென்று நாம் இகழமாட்டோம். நல்லாடை உடுத்தவும் தடை கண்ட குலத்தின் ஆசை அது. ஆனால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது இடையூறு எழுந்தது. தந்தையின் பெயர் 'ச' என்னும் எழுத்தில் தொடங்குவது. ஆங்கிலத்தில் அது மாற்றுச் சான்றிதழில் 'எஸ்' என்றும், மதிப்பெண் சான்றிதழில் 'சி' என்றும் இருந்தது. திருத்தம் பெறுவதற்குள் சேர்க்கைக் காலம் கடந்துவிட்டது. பெட்டிகள் ஓராண்டு பரண்மேல் கிடந்தன. வட்டி மட்டும் நடந்தது. அம்மாற்றுச் சான்றிதழில் பிழையைக் காணாது கையொப்பமிட்டவர் வேறு யாருமல்லர், நாமே. அவன் மறு ஆண்டு சென்றான் என்பது ஆறுதல். எனினும் அந்த ஓராண்டை நாம் அவனுக்குத் திருப்பித் தர இயலாது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 1913-ஆம் ஆண்டு, தம் 22-ஆம் வயதில் அவர் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் இலண்டனில் பயின்றுகொண்டிருக்கையில், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் நாடு திரும்ப நேர்ந்தது. அது முதல் உலகப் போர்க் காலம். அவர் ஒரு கப்பலில் வந்தார். அவர் அரிதின் சேர்த்த நூல்கள் அடங்கிய பெட்டிகள் வேறொரு கப்பலில் வந்தன. பெட்டிகள் வந்த கப்பலைப் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. நூல்கள் போயின; கற்ற கல்வி போகவில்லை. 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பெட்டி மூழ்கலாம், ஆயத்தமான மனிதன் மூழ்குவதில்லை என்பதே நாம் கொள்ளும் பாடம்.

ஆகவே முதல் ஆயத்தம் தாள்களே. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை மட்டும் எழுத ஒப்பமாட்டார்கள். விரித்தே எழுதுதல் வேண்டும். பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை அனைத்திலும் பெயரும் பிறந்த நாளும் ஒத்திருக்கின்றனவா என்று பத்தாம் வகுப்பிலேயே பாருங்கள். விமானச் சீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே பெயர் அமைதல் வேண்டும். மூலச் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், உதவித்தொகை ஆணை, பணம் ஆகியவை கைப்பையை விட்டு நீங்கலாகா. நகல் ஒரு தொகுதி தாயாரிடம் இருக்கட்டும்.

இரண்டாவது, பொருள். பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோவும், ஒப்படைக்கும் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோவும் அளவு. உங்கள் சீட்டில் குறித்ததே முடிவு. மிகுந்தால் விமான நிலையத்தில் கட்டணம் கடுமை. பழைய பேப்பர் கடைத் தராசில் முன்னாளே நிறுத்துப் பாருங்கள். ஒரு வாரத்திற்கான உடை போதும்; துவைத்து உடுத்தலாம். குளிருக்கேற்ற கனத்த கோட்டைச் சென்ற இடத்தில் வாங்குவதே நன்று. மூக்குக் கண்ணாடி அணிவோர் மற்றொன்றும், மருந்து உண்போர் மருத்துவரின் சீட்டும் கொண்டு செல்க. பவர் பேங்க் கைப்பையில்தான் இருத்தல் வேண்டும். ஊறுகாயைக் கைப்பையில் வைத்து வாசலில் பறிகொடாதீர்; நூறு மில்லிக்கு மேற்பட்ட நீர்மம் அங்கே செல்லாது.

மூன்றாவது, பணம். கந்து வட்டிக்காரரைத் தேடுமுன் அரசின் வாயிலைத் தட்டுங்கள். 1954-55 முதல் நடைபெறும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமானக் கட்டணம் ஆகியவற்றைத் தாங்குகிறது. தமிழ்நாட்டரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்விக்கு உதவித்தொகை வழங்குகிறது. இவற்றிற்கும் வேண்டுவன அத்தாள்களே.

சங்கத்திற்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. நல்ல பெட்டிகள் நான்கும் எடை பார்க்கும் தராசு ஒன்றும் வாங்கி வையுங்கள். செல்வோர் எடுத்துச் செல்லட்டும். விடுமுறையில் திரும்புவோர் ஒப்படைக்கட்டும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சான்றிதழ்களை ஒப்பு நோக்கும் பணியை நாமே ஏற்கிறோம். நம் கையொப்பத்தால் தடைப்பட்ட அம்மாணவனுக்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு அதுவே.

இளைஞர்காள்! கைச்சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தின் கடன் சுமையையும் அதனோடு குறையுங்கள். கற்று வாருங்கள், வந்து, அடுத்தவன் பெட்டியைக் கட்ட உதவுங்கள்.