பல்கலைக்கழகமும் நம் கழனியும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் உழவாராய்ச்சி பற்றிப் பேச முன்வந்தமை கண்டு சிலர் வியக்கலாம். வள்ளுவனார் உழவுக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளாராதலின், தமிழ் கற்றோன் ஏரைப் பற்றிப் பேசுதல் முறையன்று எனல் பொருந்தாது. நம் சங்கத்துக் கல்வி நிதியினின்று மாணவர் பலர்க்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கி வருகின்றோம். அந்நிதியில் ஒரு பங்கை எவ்வகைக் கல்விக்கு ஒதுக்குதல் தகும் என்பதே இன்று யான் உங்கள் முன் வைக்கும் வினா.

பல்கலைக்கழகம் என்றவுடன் பட்டம் வழங்கும் பெருமண்டபமே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும், தன்னைச் சூழ்ந்துள்ள மக்களின் குறையைக் கேட்டறிந்து, ஆராய்ந்து, தீர்வு கூறுதலும் அதன் கடமையேயாம். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைச் சைதாப்பேட்டையில் 1868-ஆம் ஆண்டில் தோன்றிய வேளாண்மைப் பள்ளி, 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்றது. 1920-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சி நம் வயலுக்கு எங்ஙனம் வந்தது என்பதற்கு ஒன்று கூறுவேன். கோவையில் 1912-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அந்நிலையத்தார் 1921-இல் ஜி.இ.பி. 24 என்னும் சன்ன நெல்லைத் தந்தனர். தஞ்சைத் தரணியின் ஆடுதுறையில் 1922-இல் மற்றொரு நிலையம் எழுந்தது. ஜப்பான் நாட்டு நோரின் 10 என்னும் நெல்லோடு நம் ஜி.இ.பி. 24-ஐக் கலந்து பெற்றதே, 1960-களின் நடுவில் உழவர் கைக்கு வந்த ஆடுதுறை 27. ஏறத்தாழ 105 நாளில் விளையும் அந்நெல் காவிரிப் பாசனத்துக் குறுவைப் பட்டத்திற்கு ஏற்றதாயிற்று. கோவையில் ஒரு தலைமுறையினர் தேடி வைத்த விதை, மறு தலைமுறையில் தஞ்சையின் களத்துமேட்டை நிரப்பியது. ஆராய்ச்சிக்குச் செலவிடும் பொருள் வீண் என்போர் இதனைச் சிந்திப்பாராக.

இனி, நம் மண்ணையே எடுத்துக்கொள்வோம். களர் என்றும் உவர் என்றும் நம் முன்னோர் இரு சொற்களை வழங்கினர். இன்று பலர் இரண்டையும் ஒன்றெனவே கருதுகின்றனர். மண்ணூலாரோ இவற்றைப் பிரித்து உரைக்கின்றனர். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிக்கிருக்கும். நல்ல நீரைத் தேக்கி வடித்தால் அவ்வுப்பு நீங்கும். களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு பற்றி நிற்றலால், நீர் மட்டும் பாய்ச்சிப் பயனில்லை; ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி, அதன் பின்னரே வடித்தல் வேண்டும். இவ்வேறுபாடறியாது ஆண்டுதோறும் நீரையும் உழைப்பையும் பொருளையும் இழப்போர் எத்துணையர்! சிறிது மண்ணை எடுத்துச் சென்று ஆய்வுக்கூடத்தில் கொடுப்பின் இவ்வையம் தீரும். திருச்சிராப்பள்ளியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் களர் நிலத்திலேயே ஒரு வேளாண்மைக் கல்லூரி நடைபெறுகின்றது. களரைத் தாங்கி வளரும் திருச்சி 1 என்னும் நெல் அவ்வட்டாரத்து ஆராய்ச்சியின் பயனேயாம். உழவன் படும் இடரின் நடுவே அமர்ந்து ஆராய்தல் என்பது இதுவே.

ஆராய்ச்சியோடு தொழிற்பயிற்சியும் இணைதல் வேண்டும். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில், நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பெற்றது. இன்று அத்தகைய நிலையங்கள் பல மாவட்டங்களில் உள்ளன. தேனீ வளர்த்தல், காளான் வளர்த்தல், நாற்றங்கால் அமைத்தல், விதை உற்பத்தி முதலியவற்றில் அங்குக் குறுகிய காலப் பயிற்சி பெறலாம். பட்டம் இல்லாதாரும் சேரலாம். வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் சிற்றூர்களில் தங்கி உழவரோடு பழகிக் கற்கும் முறையும் உண்டு. அவர்கள் நம் ஊர்க்கு வருங்கால் திண்ணையில் இடங்கொடுத்துப் பேசுவோமாக. அவர்கள் நமக்குச் சொல்வன சில. நம்மிடம் கேட்டறிவன பல.

"படித்த பிள்ளை மீண்டும் ஏர் பிடிப்பதா?" என்று வினவுவார் நம்முள் உளர். அவ்வினாவின் பின்னே கடனும் வறட்சியும் விலை வீழ்ச்சியும் நிற்றலை யான் அறிவேன். ஊரை விட்டுச் சென்ற இளைஞரைப் பழித்தல் என் கருத்தன்று. ஆனால், ஊரில் தங்க விரும்பும் பிள்ளைக்கு நாம் செய்துள்ள உதவி யாது? வெளியூர் செல்வோனுக்கு உதவித்தொகை உண்டு. நிலத்தில் நிற்போனுக்கு அறிவுரை ஒன்றே உண்டு. இது நடுவுநிலைமை ஆகுமா?

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை இவ்வவை முன் வைக்கின்றேன். கல்வி நிதியில் நான்கில் ஒரு பங்கை வேளாண்மைப் பட்டயக் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஒதுக்குக. அப்பங்கில் பெண்மக்களுக்குச் சரிபாதி அளிக்க. களையெடுப்பும் கறவை பேணுதலும் அவர்தம் கையில் இருக்க, பயிற்சியை ஆடவர்க்கு மட்டும் அளித்தல் ஏட்டுச் சுரைக்காயாகவே முடியும். ஆண்டுக்கு ஒருமுறை நம் உழவர் தம் ஐயங்களை எளிய தமிழில் எழுதித் தொகுத்து ஆராய்ச்சி நிலையத்தார்க்கு அனுப்புக. விடையையும் எளிய தமிழிலேயே கேட்டுப் பெறுக. அவ்வெழுத்துப் பணியை யான் ஏற்றுக்கொள்ளச் சித்தமாயுள்ளேன்.

இறுதியாக ஒன்று. இஃது ஒரு குலத்தாரின் சங்கமே எனினும், மண் குலம் அறியாது. நம் வயலில் நாற்று நடுவோரும் கதிர் அறுப்போரும் பல சமூகத்தார். நாம் ஏற்பாடு செய்யும் பயிற்சிக்கு அவர்தம் பிள்ளைகளையும் அழைத்து அருகமர்த்துதலே அறமாகும். அண்டை வயலில் பூச்சி பெருகினால் நம் வயல் தப்புவதில்லை; அண்டை வயலில் அறிவு பெருகினால் அதன் பயனும் நம்மை வந்தடையும்.