நத்தாருக்கு 'பஞ்சமர்' குடுங்கோ



நத்தார் வருது. புவாண்ட்-கிளேர் ஃபெயர்வியூவில நிக்கிற சனத்தைப் பார்த்தாலே தெரியும். பரிசாகப் புத்தகம் குடுக்கிறவைக்கு ஒரு வேண்டுகோள்: எல்லாரும் வாங்கிறதை விட்டிட்டு கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைக் குடுங்கோ.

1972இல் வந்தது. அப்போதைய யாழ்ப்பாணத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு உள்ளே இருக்க இடமில்லை; குடிக்கத் தனி ஏனம். அதை எதிர்த்து 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம். டானியல் அந்தப் போராட்டங்களுக்குள் நின்று எழுதினவர்.

எண்பத்துமூன்று யூலையை எங்கட வீடுகளில எத்தனையோ தரம் கதைச்சிருக்கினம். மாவிட்டபுரத்தை? கலியாணப் பேச்சு வந்தால் மட்டும் "அவை ஆர் ஆக்கள்?" எண்டு மெல்லக் கேட்பினம். நல்ல நாளில இது எதுக்கு எண்டும் சொல்லுவினம். சொல்லட்டும்.

தமிழ் வாசிக்க வராதோ? அப்ப அம்மாவுக்குக் குடுங்கோ. கிழமைக்கு ஒரு அத்தியாயம் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. அவ வாசிப்பை நிறுத்திற இடம் ஒண்டு வரும். "ஏனம்மா?" எண்டு அதில கேளுங்கோ.

இஞ்ச கடையில தேடிக் களைக்காமல், ஊரிலயிருந்து வாறவையிட்ட இப்பவே சொல்லி வையுங்கோ.