'லாட்ஸ் ஆஃப்' என்றால் எத்தனை?



வேலை விண்ணப்பங்களை வருஷக்கணக்காகப் படிப்பவன் நான். 'லாட்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். எத்தனை வருஷம்? அதுதான் இருக்காது!

'லாட்' என்பது ஆதியில் சீட்டுப் போட்டுப் பார்க்கும் மரத்துண்டு. பிறகு சீட்டில் விழுந்த பங்கு. அப்புறம் ஏலத்தில் கூறு கட்டிய சாமான். கடைசியில்தான் 'நிறைய' என்று ஆனது. பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். எழுதும்போது 'எ லாட்' இரண்டு சொல், சேர்த்தால் பிழை. விண்ணப்பத்தில் 'மெனி', 'மச்' மரியாதை. அதைவிட மரியாதை, எண். '2 வருடம், 3 பிராஜெக்ட்' என்று எழுதுங்கள்.

உழைத்த பிள்ளைக்கும் உழைக்காத பிள்ளைக்கும் 'லாட்ஸ் ஆஃப்' ஒன்றுதான். உங்கள் உழைப்பை அதற்குள் ஒளித்து, கைக்கு வந்த வேலையை விட்டுவிடாதீர்கள்.