நோவு தானாக வரட்டும், நாங்கள் ஆயத்தமாக இருப்போம்

(மீள்குடியேறிய கிராமமொன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கும் குடும்பத்தினருக்கும் ஆற்றிய உரை)



சொந்த ஊருக்குத் திரும்பியதும் கூரை போடுவது, கிணறு இறைப்பது, காணி துப்பரவாக்குவது என்று எல்லா வேலையும் ஒன்றாக வந்து நிற்கிறது. இதற்கு நடுவே நிறைமாதத் தாய்மாரும் இருக்கிறீர்கள். உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “நாள் கிட்டுது, இன்னும் நோவு வரேல்லை. வர வைக்க ஏதாவது செய்யலாமோ?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள பயம் எனக்கு விளங்குகிறது. வைத்தியசாலை தூரம். இரவில் வாகனம் கிடைக்காது. அதனால், ஓட்டோ ஓடும் பகலிலேயே நோவு வரட்டும் என்று சில வீடுகளில் ஆமணக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதனால் வயிற்றோட்டமும் வாந்தியும் வந்து, பேறுக்கு வேண்டிய பலம் முதலே போய்விடும். பெயர் தெரியாத மூலிகைக் குடிநீரும், வைத்தியசாலைக்கு வெளியே போடும் நோவு ஊசியும் இன்னும் ஆபத்தானவை. கருப்பை அளவுக்கு மீறி இறுகினால் பிள்ளைக்குப் பிராணவாயு குறையும். முன்பு சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்களுக்குக் கருப்பையே கிழியலாம்.

முதலில் நாளைச் சரியாகப் பாருங்கள். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளுடன் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டும். ஜனவரி 2ஆம் திகதி என்றால், ஒக்டோபர் 9ஆம் திகதி. இது 40 வாரக் கணக்கு. ஆனால் அது ஒரு மதிப்பீடுதான். அந்தத் திகதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் மிகச் சிலர். கடைசி வாரங்களில்தான் பிள்ளையின் சுவாசப்பையும் மூளையும் நன்கு முதிர்கின்றன. இடம்பெயர்ந்த காலத்தில் கிளினிக் அட்டையோ ஸ்கான் அறிக்கையோ தொலைந்திருந்தால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லிப் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள்.

அப்படியென்றால் சும்மா இருப்பதா? இல்லை. உடம்பு தானாக ஆயத்தமாக நீங்கள் உதவலாம்.

காலையும் மாலையும் களைப்பில்லாமல் மெதுவாக நடவுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டு, ஊரார் தினமும் போய்வரும் பாதையில் மட்டும் நடவுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவதும் பற்றை வெட்டுவதும் நடைப் பயிற்சி ஆகாது. அந்த வேலைகளை வீட்டில் மற்றவர்கள் பொறுப்பெடுக்க வேண்டும். படுக்கும்போது ஒருபக்கம் சரிந்து படுங்கள். நேரத்துக்குச் சாப்பிட்டு, தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். சீனி வருத்தம் இல்லாதவர்கள் பேரீச்சம்பழம் சாப்பிடலாம். நல்ல நித்திரையும் பயமில்லாத மனமும் பெரிய உதவி. ஆனால் இவற்றில் எதுவும் இன்ன நாளில் நோவைக் கொண்டுவரும் என்று நான் சொல்லமாட்டேன்.

நாள் கடந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். 40 வாரம் முடியும்போது எப்போது வந்து அனுமதி பெற வேண்டும் என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 41 வாரம் நிறைந்தும் நோவு வராவிட்டால், மருந்து கொடுத்து நோவை வரவைப்பது நல்லது என்று உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது. அங்கே பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள். வீட்டில் அதைப் பார்க்க வழியில்லை.

இனி அந்தத் தூரத்துக்கு என்ன செய்வது? வாகனத்துக்காக நோவை இழுக்காதீர்கள். நோவுக்காக வாகனத்தை ஆயத்தமாக்குங்கள். இரவிலும் வரக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் கவனியுங்கள், அங்கே 108, இங்கே 1990. பாதை மோசமான இடமென்றால், நாளுக்கு முன்பே வைத்தியசாலைக்குக் கிட்ட உள்ள உறவினர் வீட்டில் தங்குங்கள். அதற்கும் வசதி இல்லையென்றால், முன்கூட்டியே அனுமதிப்பார்களா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அட்டை, துணிகள், கொஞ்சப் பணம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

நோவு ஒழுங்காக வந்து, இடைவெளி குறைந்து, படுத்தாலும் நடந்தாலும் நிற்காவிட்டால் அதுதான் பேற்று நோவு. தூர இடத்தில் இருப்பவர்கள் அது பலக்கும்வரை பார்த்திருக்காமல் புறப்படுங்கள்.

நோவு இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டிய வேளைகள் உண்டு:

• பிள்ளையின் துடிப்பு குறைந்தால் அல்லது நின்றால்
• பன்னீர்க்குடம் உடைந்தால்
• இரத்தம் போனால்
• கடும் தலையிடி, கண் மங்கல், வலிப்பு வந்தால்
• காய்ச்சல் வந்தால்

அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, உங்கள் சொல்லுக்குத்தான் வீட்டில் மதிப்பு அதிகம். ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை எடுக்கும் கை, இன்று அந்தப் பையைக் கட்டி வைக்கட்டும். பிள்ளை தன் நேரத்துக்கு வரும். வரும்போது வழி திறந்திருப்பதுதான் எங்கள் வேலை.