ஐ.இ.பி. இல்லாத சனிக்கிழமை



1975 நவம்பர் 29 அன்று அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை இந்த நாட்டில் குறைபாடுள்ள குழந்தைகள் 10 லட்சம் பேருக்குப் பொதுப்பள்ளியில் இடமே இல்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இன்று அவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று எந்த அரசுப் பள்ளியும் சொல்ல முடியாது. சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.இ.பி. என்று தனிக் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. பெற்றோர் அதை எழுதும் கூட்டத்தில் உட்கார்ந்து உரிமையோடு கேள்வி கேட்கிறார்கள்.

ஆனால் அந்த ஐ.இ.பி. வெள்ளிக்கிழமை மாலையோடு நின்றுவிடுகிறது. மறுநாள் காலை நம் தமிழ்ப் பள்ளி திறக்கும்போது அக்கா வகுப்புக்குப் போகிறாள்; ஆட்டிசம் உள்ள தம்பி அப்பாவோடு காரிலேயே இருக்கிறான். அவனை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் வகுப்பில் கத்தினான், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அம்மா அழைத்துப் போய்விட்டார். வார நாட்களில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக வேலை பார்க்கும் எனக்கு, நம் வாகன நிறுத்தத்தில் இதைப் பார்ப்பது தாங்க முடியாததாக இருக்கிறது.

இந்தப் பெற்றோரில் பலருக்கு ஒரு பழைய அறிவுரை வேறு கிடைத்திருக்கும்: பேச்சு தாமதமானால் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. தமிழை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை இழப்பது பாடத்தை மட்டுமல்ல, ஊரிலிருக்கும் பாட்டியையும்தான்.

நம் வகுப்பறை வாடகை அறை. மேலே இரையும் குழல் விளக்கு, இழுபடும் நாற்காலி, இருபது பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும் ஆத்திசூடி. நமக்கு அது இனிமை. சில பிள்ளைகளின் காதுக்கு அது வலி. பாதி விளக்கை அணைக்கலாம். ஒரு மூலையில் பாய் விரித்து, வேண்டும்போது போய் உட்காரவிடலாம். காதுக்கு ஹெட்போன் போட்டுக்கொண்டால் அது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பயன் தருவது பலகையில் ஒட்டும் படங்கள்தான்: வாழ்த்துப் பாடல், எழுத்து, கதை, தின்பண்டம், வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தை எடுத்துவிடுவான். அடுத்து என்ன என்று தெரிந்தால் பதற்றத்தில் பாதி போய்விடும். ஆட்டிசம் உள்ளவர்களுக்காக வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் டீச் திட்டம் 1970களிலிருந்து வளர்த்தெடுத்த வழிகளில் இதுவும் ஒன்று.

எழுத்துக்கு வருவோம். விரலில் வலுவில்லாத பிள்ளைக்கு 'இ'யின் வளைவுகள் பெரும்பாடு. அவனிடம் பென்சிலைத் திணிக்காதீர்கள். தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். தொட்டும் பார்த்தும் சொல்லியும் கற்பதைத்தான் எழுத்துத் தடுமாற்றம் உள்ளவர்களுக்கான பயிற்சிகள் இன்று வலியுறுத்துகின்றன. நம் திண்ணைப் பள்ளிகள் மணலில் செய்ததும் அதுதான். வாய் பேசாத பிள்ளை படத்தைத் தொட்டால் குரல் வரும் செயலிகள் உண்டு. அவற்றில் ஒன்றான ஆவாஸ், சென்னையில் வித்யாசாகர் என்ற சிறப்புப் பள்ளியின் பிள்ளைகளோடு இருந்து உருவானது. அந்தக் கருவி சொல்லும் 'வணக்கம்' எனக்கு முழு வணக்கம்தான்.

ஆண்டு விழா மேடையிலும் இதே மனம் வேண்டும். குறள் ஒப்பிக்க முடியாதவன் தான் வரைந்த எழுத்துகளைத் தூக்கிக் காட்டட்டும். ஒத்திகைக்கு முன்பே வெறும் மேடையில் அவனை நடக்கவிடுங்கள். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறையுங்கள்.

செயற்குழுவிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் "உங்கள் பிள்ளைக்கு எது எளிது, எது கடினம்?" என்ற கேள்வியைச் சேருங்கள். பள்ளி தொடங்குமுன் தன்னார்வ ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வையுங்கள். நடத்த நான் வருகிறேன். இந்த அரங்கில் பேச்சுப் பயிற்சியாளர்களும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உணவு இடைவேளையில் பதிவு மேசைக்கு வந்து பெயர் கொடுங்கள். காரில் காத்திருக்கும் பெற்றோரிடம் நானே போய்ப் பேசுகிறேன்.