முரட்டு ஆட்டக்காரரும் மூன்றில் ஒரு பங்குக் கணக்கும்

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிதத் துறையில் படித்தவன் என்பதால் "கணக்கு வாழ்க்கைக்கு உதவுமா?" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். உதவியது. ஆனால் உதவிய இடத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சீட்டாட்ட மேசை!

ஹாஸ்டலில் புளியங்கொட்டை வைத்து மூணு சீட்டு ஆடிய கோஷ்டி இங்கேயே நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. வார்டன் சார் இன்று மன்னித்துவிடுவார் என்று நம்புகிறேன். அங்கே போனது புளியங்கொட்டைதான். 1997-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் வேலை பார்த்தபோது போனது டாலர்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒரு சக ஊழியர் வீட்டில் போக்கர் ஆடுவார்கள். ஆளுக்கு 2 சீட்டு கையில். நடுவில் முதலில் 3, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று 5 சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். இடையிடையே பந்தயம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். சீட்டைப் பார்த்தாரோ இல்லையோ, பந்தயத்தை உயர்த்திக்கொண்டே இருப்பார். குரலும் பெரிசு, சிரிப்பும் பெரிசு.

முதலில் பயந்தேன். அவர் உயர்த்தினாலே சீட்டைக் கவிழ்த்துப் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கரைந்தது. பிறகு ரோஷம் வந்தது. "நீ மட்டும்தானா?" என்று ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு நானும் உயர்த்தினேன். அவரோ கவிழ்க்கிற ஆளே இல்லை. ஒரே இரவில் 340 டாலர் போயிற்று. அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அது.

அப்பா ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர். "அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்" என்று மட்டும் எழுதினேன். காரணம் எழுதவில்லை. அவரிடமிருந்து ஏரோகிராம் வந்தது: "பணத்துக்கு அவசரமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ஒரு கேள்வியைத் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் மேசைப் பக்கம் போகவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கணக்குப் போட்டேன். 52 சீட்டில் இரண்டு எடுக்க 1326 வழிகள். அதில் ஜோடி வருவது 78, அதாவது 17-ல் ஒரு தடவை. அப்படியானால் தொடர்ந்து பத்து கை உயர்த்துகிறவருக்குப் பத்திலும் நல்ல சீட்டு இருக்க வாய்ப்பே இல்லை. இன்னொன்று: கையில் வெவ்வேறு இரண்டு சீட்டு உள்ளவருக்கு, முதல் 3 பொதுச் சீட்டில் ஒரு ஜோடியாவது விழுவது 100-க்குச் சுமார் 32 தடவைதான். மீதி நேரமெல்லாம் அவரிடம் இருப்பது சத்தம்தான்.

இப்போது கவனியுங்கள். நடுவில் 6 டாலர் இருக்கிறது. அவர் 6 கட்டுகிறார். நான் 6 போட்டு ஜெயித்தால் எனக்கு லாபம் 12. தோற்றால் நஷ்டம் 6. மூன்றில் ஒரு தடவை ஜெயித்தாலே கணக்கு நேர். வெறுங்கையோடு பாதி நேரம் மிரட்டுகிறவரிடம் சுமாரான ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்தாலே போதும்.

மறுபடி போனேன். இந்தத் தடவை சட்டைப் பையில் 20 டாலர்தான். அது போனால் எழுந்துவிட வேண்டும் என்பது எனக்கு நானே போட்ட சட்டம். அவருக்கு இடப்பக்க நாற்காலியைப் பிடித்தேன். ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால் பெரும்பாலும் அவர் செய்வதைப் பார்த்த பிறகே என் முறை வரும். குறைந்த கைகளே ஆடினேன். அவரிடம் பொய் மிரட்டல் விடுவதை அடியோடு நிறுத்தினேன். கவிழ்க்காதவரை மிரட்டி என்ன பயன்? நல்ல சீட்டு வந்தால் சும்மா இருந்தேன். பந்தயத்தை அவரே கட்டட்டும்!

பெரியவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். 1988-ல் லாஸ் வேகாஸ் உலகத் தொடரின் இறுதியில் ஜானி சான் தோற்கடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு கடைசிவரை சாதுவாக உட்கார்ந்திருந்தார். எரிக் சைடல் ராணி ஜோடியை நம்பி இருந்ததையெல்லாம் முன்னால் தள்ளினார். ஆட்டம் முடிந்தது.

என் கணக்கு சரியாக இருந்தும் சில இரவுகள் தோற்றேன். கணக்கு நீண்ட ஓட்டத்துக்குத்தான் உத்தரவாதம். ஒரு ராத்திரிக்கு இல்லை. நண்பரும் மடையரில்லை. நான் விடாமல் பணம் போடுவதைக் கண்டு மிரட்டலைக் குறைத்தார். அப்புறம் அவர் உயர்த்தினால் நிஜமாகவே சீட்டு இருந்தது. நானும் மறுபடி கவிழ்க்கக் கற்றேன். எதிராளி மாறினால் நாமும் மாற வேண்டும். போன வாரத்து ஆளோடு இந்த வாரம் ஆடக்கூடாது.

மாணவச் செல்வங்களே, நான் சீட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மேசையிலாவது எதிராளியின் முகம் தெரிந்தது, வீட்டுக்காரர் "மணி பன்னிரண்டு, கிளம்புங்கப்பா" என்றார். கையிலிருக்கும் போன் அப்படிச் சொல்லாது.

பிற்காலத்தில் அலுவலகத்தில் மேசையைத் தட்டிப் பேசுகிற எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். எதிரில் உட்காரும்போது அந்த நோட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். பயந்து கவிழ்க்காதே, ரோஷத்தில் உயர்த்தாதே. இவர் எத்தனை தடவை இப்படிச் செய்கிறார் என்று எண்ணிப் பார்.

அந்த 340 டாலரைத் திருப்பி எடுத்தேனா என்று நாலாவது வரிசை கேட்கிறது. இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய எடுத்தேன். ஆனால் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல அதற்குப் பிறகும் ஆறு வருஷம் ஆயிற்று. கேட்டுவிட்டுச் சிரித்தார். "கணக்கு வாத்தியார் பிள்ளை, முதல்லயே கணக்குப் போட்டிருக்கலாமே" என்றார்.