ஒளிப்படக் கல்வியும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கைநாட்டு வைத்த தலைமுறையின் பிள்ளைகளைக் கையெழுத்திட வைத்தது நம் கல்விச் சங்கம். இன்று நான் பேச வந்திருப்பது மற்றோர் எழுத்தைப் பற்றி. 'போட்டோகிராபி' என்னும் கிரேக்க வழிச் சொல்லுக்கு ஒளியால் எழுதுதல் என்பது பொருள். அவ்வெழுத்தைக் கற்பதற்காக ஊரை விட்டுச் சென்று, பத்து நாள் தங்கி, காமிராவும் கையுமாகப் பயிலும் பயிலரங்குகள் இன்று நடைபெறுகின்றன. "பத்து நாள் கூலி போய்விடுமே, படம் பிடித்து என்ன காணப்போகிறான்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். இது நியாயமான வினா. இதற்கு விடை கூறுவது என் கடமை.

நம் காஞ்சி மாநகரைப் படமெடுக்க உலகமே வருகிறது. கைலாசநாதர் கோயிலின் சிற்பங்களையும், ஏகாம்பரநாதர் கோயிலின் கோபுரத்தையும், தறியில் மின்னும் பட்டையும் எடுத்துச் செல்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்தக் காமிராக்கள் நம் சேரிப் பக்கம் திரும்புவது எப்போது? குடிசை எரிந்தால் திரும்புகின்றன. வெள்ளம் புகுந்தால் திரும்புகின்றன. பிணம் விழுந்தால் திரும்புகின்றன. நம் வீட்டுப் பெண் பட்டம் பெற்ற நாளில் எந்தக் காமிராவும் வருவதில்லை. அழுகையில் மட்டுமே நம்மைக் கண்ட உலகம், நமக்கு அழுகையன்றி வேறு வாழ்வில்லை என்று எண்ணிக்கொள்கிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு 'இந்திய மக்கள்' என்னும் நூலை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. 400க்கும் மேற்பட்ட படங்கள் அதில் உள்ளன. மனிதர்களைச் சாதியாகவும் குலமாகவும் வகைப்படுத்தி நிற்க வைத்து, அவர்தம் குணம் இன்னதென்று எழுதியும் வைத்தார்கள். படத்தில் இருப்பவன் அதில் ஒரு சொல்லும் பேசவில்லை. படம் எடுத்தவன் கையிலேயே எழுதுகோலும் இருந்தது.

மாறாக, 1930இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டை எண்ணிப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கரும், நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரும் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாகச் சென்றார்கள். அம்மாநாட்டு மேசையில் அண்ணல் அமர்ந்திருக்கும் படத்தைக் காணும்போது நம் பிள்ளை தலை நிமிர்கிறான். ஒரு படம் தலையைக் குனியவும் வைக்கும்; நிமிரவும் வைக்கும்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரான கார்டன் பார்க்ஸ் 1912இல் ஏழைக் குடும்பத்தில் 15 பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தவர். இரயிலில் உணவு பரிமாறும் வேலை செய்தவர். அடகுக் கடையில் ஏழரை டாலருக்கு ஒரு காமிரா வாங்கித் தாமே கற்றார். 1942இல் உதவித்தொகை பெற்று, வாஷிங்டன் நகரில் ராய் ஸ்டிரைக்கர் என்பவரின் கீழ்ப் பயிலச் சென்றார். ஆசிரியர் முதற்கண் செய்தது என்ன? காமிராவை வாங்கிப் பூட்டி வைத்தார். "கடைக்குப் போ, உணவு விடுதிக்குப் போ, படக் கொட்டகைக்குப் போ, பிறகு வா" என்று அனுப்பினார். மூன்று இடத்திலும் பார்க்ஸ் நிறத்தின் பொருட்டு விலக்கப்பட்டார். சினத்தோடு திரும்பியவரிடம், இந்நகரில் வாழ்ந்த உன் இனத்து முதியவரிடம் பேசிப் பார் என்றார் ஆசிரியர். அவ்வலுவலகத்தையே கூட்டித் துடைத்த எல்லா வாட்சன் அம்மையாரிடம் பார்க்ஸ் அமர்ந்து பேசினார். பின்னர், ஒரு பக்கம் துடைப்பமும் மறுபக்கம் துடைப்பானும் நிற்க, தேசியக் கொடியின் முன் அவரை நிறுத்திப் படமெடுத்தார். ஒரு நாட்டின் மனச்சாட்சியை அப்படம் இன்றும் கேள்வி கேட்கிறது. சினம் கல்வியாக மாறியதன் விளைவு அது.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. மதுரையைச் சேர்ந்த மு. பழனிக்குமார், மீன் விற்றுக் குடும்பம் காத்த தாயின் மகன். மலக்குழி அவலத்தைக் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். தாம் கற்றதை உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பயிலரங்குகள் நடத்திக் கற்பித்தும் வருகிறார். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் தம் தலித் குடும்பத்தையே படமாக்கி உலக அரங்கில் வைத்தவர். கல்வி நுழைந்த வீட்டில் கலையும் நுழைகிறது, பாருங்கள்!

அன்பார்ந்த இளைஞர்களே! பயிலரங்கில் நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடியலில் எழுந்து படமெடுக்க வேண்டும். ஏனெனில் சாய்ந்த ஒளியில்தான் முகத்தின் மேடு பள்ளம் தெரியும். துவாரத்தின் அகலம், திறந்து மூடும் வேகம், ஒளியுணர் திறன் ஆகிய மூன்றும் தராசுத் தட்டுகள் போல. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்க வேண்டும். மாலையில் அனைவர் படங்களையும் திரையில் காட்டுவார்கள். இருநூறு படத்தில் பத்தைத் தேர்ந்தெடு என்பார்கள். ஏன் இப்படம், ஏன் இக்கோணம் என்று எல்லார் முன்னும் விடை சொல்ல வேண்டும். அப்போது நாக்குத் திருந்துகிறது, அச்சம் அகல்கிறது. யாரைப் படமெடுத்தாலும் இசைவு கேள், பெயரைக் கேட்டு எழுது, எடுத்த படத்தை அவரிடம் காட்டு என்பது முதற்பாடம். அனைத்திற்கும் மேலாக, பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உண்டு, ஒரே அறையில் உறங்குகிறார்கள். எந்தத் தெரு என்று கேட்காமல் எந்தப் படம் உன்னுடையது என்று கேட்கும் பத்து நாள், நம் பிள்ளைக்கு ஓராண்டுப் படிப்புக்கு ஈடாகும்.

இவற்றைக் கைப்பேசியிலேயே கற்கலாமே என்பீர்கள். கருவி கையில் இருக்கிறது, உண்மைதான். எழுதுகோல் இருப்பதனால் மட்டும் எவரும் எழுத்தாளராவதில்லை. உடனிருந்து திருத்தும் ஆசானும், ஒப்பிட்டுப் பார்க்கும் தோழரும் வேண்டும்.

ஆகவே வெள்ளி விழாக் காணும் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஆண்டுதோறும் இருவரை இத்தகைய பயிலரங்குக்கு அனுப்ப வேண்டும். இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, அந்நாட்களில் குடும்பம் இழக்கும் கூலியைச் சங்க நிதியிலிருந்து ஈடு செய்ய வேண்டும். வயிற்றைக் காயவிட்டுக் கலையை வளர் என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. மூன்றாவது, பயின்று வருவோர் நம் ஊர் முதியோர் ஒவ்வொருவரையும் படமெடுத்து, பெயரும் வயதும் தொழிலும் அவர் சொல்லும் செய்தியும் எழுதி, சங்க நூலகத்தில் சேர்க்க வேண்டும்.

இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியர் பலருக்கு ஓட்டுநர் உரிமமோ கடவுச்சீட்டோ இல்லை; இருப்பது வாக்காளர் அட்டையில் உள்ள மங்கிய படம் ஒன்றே. அவர்கள் நட்ட நாற்றில் இவ்வூர் உண்டது. அவர்கள் முகம் அவர்களோடு மறைந்து போகலாகாது. பொன்விழா மலர் வெளிவரும்போது அதன் பக்கங்களில் அவர்கள் இருக்க வேண்டும்; அப்படங்களின் கீழே நம் பிள்ளைகளின் பெயர் இருக்க வேண்டும்.